சின்ன ர, பெரிய ற

அன்புள்ள அத்தைக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுக் குளியலறையில் நெடுங்காலம் தொண்டாற்றிவந்த நீல வாளியின் கைப்பிடி, மாமாவின் கம்பி வைத்தியம் பலனளிக்காமல் நேற்றுக் காலை இயற்கை எய்தியது. வாளி உயிரோடு இருக்கிறது. கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிகிறோம். அனுதாபங்களை நேரில் வந்து தெரிவிக்கவும்.

மற்றபடி இங்கே பாதி நலம். மீதிப் பாதி உங்கள் பெட்டியோடு உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. மாமா சமைக்கிறார், நான் சாப்பிடுகிறேன். இதில் எது பெரிய வீரம் என்று இன்னும் முடிவாகவில்லை. உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்தால் ருசி பார்க்கமாட்டார், இன்னொரு தடவை போட்டுவிடுவார். நன்றாகப் படிக்கட்டும் என்று அம்மா என்னைத் தன் தம்பி வீட்டில் விட்டாள். இப்போது நான் படிப்பதெல்லாம் அந்தத் தம்பியைத்தான். கடினமான பாடம். புரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

அச்சகத்திலிருந்து உங்களுக்கு வரும் தாள்களை அங்கேயே அனுப்பச் சொல்லிவிட்டேன். பிழை திருத்துகிறவருக்கு எழுதுவதால் ர, ற இரண்டையும் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தே போட்டிருக்கிறேன். அப்படியும் சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிப்பீர்கள், தெரியும்.

முதலில் அந்த மழைச் சாயங்காலம். நீங்கள் பார்த்தது அத்தனையும் உண்மை, ஒன்றையும் மறுக்கவில்லை. தெருவில் யாருடைய சைக்கிளோ காணாமல் போனதற்கு, கீழ்வீட்டு வக்கீல் நம் சாவிக்கடை வாசலில் நின்று, பூட்டைத் திறக்கத் தெரிந்தவனைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்று நாலு பேர் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார். மாமா அரத்தை எடுத்துக் கையிலிருந்த சாவியைத் தேய்த்தார், தேய்த்தார், அது காது குடைகிற பதத்துக்கு வந்துவிட்டது. அப்புறம்தான் அந்த மழை. வக்கீலின் பூட்டுக்குள் அவருடைய சாவியே நுழைய மறுத்தது. சட்டம் படித்த மனிதர் கதவுச் சட்டத்துக்கு வெளியே நின்றார். வேறு வழியில்லாமல் மேலே வந்து மாமாவைக் கூப்பிட்டார். மாமா இறங்கிப் போய் டார்ச் அடித்துத் துவாரத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"திருடன் கை பட்ட கதவு வழியா நீங்க எப்படி சார் உள்ள போவீங்க?"

அவ்வளவுதான். மேலே ஏறி வந்து டீ போட்டுக் குடித்தார். ஈரத் துணியோடு வக்கீல் படிக்கட்டில் நடுங்கிக்கொண்டிருந்ததும், நீங்கள் துண்டு கொண்டுபோய்க் கொடுத்ததும், பக்கத்துத் தெரு ஆள் வந்து பூட்டையே அறுத்தெடுத்துப் புதுசு மாட்டியதும் உங்களுக்குத் தெரியும். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் சொன்னதுதான் வீட்டுச் சுவரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "சாவி தேய்க்கிற சின்ன ர அரம் இருக்கு உங்ககிட்ட. பெரிய ற அறம்தான் இல்லை." இவ்வளவு அழகாகத் திட்டு வாங்க மாமா கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. போன வாரம் ஒருநாள் வக்கீல் வீட்டு வாசலில் செய்தித்தாள் மத்தியானம்வரை எடுக்கப்படாமல் கிடந்தது. தட்டினால் உள்ளே முனகல். மேல்மாடிக்காரர்கள் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். நான் கடைக்கு ஓடினேன். மாமா பாதி தேய்த்த சாவியை அப்படியே போட்டுவிட்டு, செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்து, கடப்பாரைக்காரரைப் பிடித்துத் தள்ளினார். கதவுக்குப் பின்னாலேயே மனுஷன் விழுந்து கிடந்தால் என்ன ஆகும் என்று அவர் கத்தியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் கதவைத் திறந்தார். திறமை என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அவர் சொன்ன இடத்திலேயேதான் வக்கீல் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கடப்பாரை போட்டிருந்தால் கதவு அவர் தலையில் விழுந்திருக்கும். யாரையும் தூக்கவிடாமல், நம் கடைப் பலகையைக் கொண்டுவரச் சொல்லி, அதில் மெதுவாக நகர்த்தி ஆம்புலன்ஸில் ஏற்றினார். நானும் ஏறிக்கொண்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இப்படி ஒரு மனிதரா என்று நெஞ்சு நிமிர்ந்திருந்த நேரத்தில், மாமா வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, திருடன் வந்திருக்கிறேன் சார், விசாரணையை ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். வலியில் துடிக்கிற மனிதரிடம், அத்தை. பிடித்த கையை விடாமலே கேட்டார். ஆஸ்பத்திரியில் அவருக்கு முகம் துடைத்துவிட்டதும், அழுக்குத் துணியை அலசிப் போட்டதும் அதே கைதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வக்கீலைக் கேட்காமலே மாமா அந்தப் புதுப் பூட்டுக்கு ஒரு சாவி தேய்த்துக்கொண்டார். உங்கள் பாஷையில் கள்ளச்சாவி. காலையில் திறந்து உள்ளே போய்த் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார், கண்ணாடித் தொட்டியில் இருக்கும் மீன்களுக்குத் தீனி போடுகிறார். இது தப்பில்லையா என்று கேட்டேன். தப்புதான், மீனைக் கேட்டுப் பார் என்றார். அதோடு விட்டாரா? வக்கீலின் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மேசையைத் தட்டி, சபையில் அமைதி, அமைதி என்று மீன்களைப் பார்த்துச் சொன்னார். அது ஒன்றுதான் அவருக்கு இப்போது சந்தோஷமான நேரம். உங்களிடம் சொல்லவேண்டாம் என்றார், அதனால் எழுதுகிறேன்.

விஷயத்தை ஆஸ்பத்திரியில் நானே போட்டு உடைத்தேன். வக்கீல் படுக்கையிலிருந்தபடியே அது அத்துமீறி நுழைந்த குற்றம், எந்தச் சட்டத்தின்படி தண்டனை என்று விளக்கமாகச் சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டு, "மீன் எப்படிப்பா இருக்கு?" என்றார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, உன் மாமன் அநியாயத்துக்கு நல்லவனாக இருக்கிறானே என்றார். நல்லவனாக இருப்பதற்கும் நம் ஆட்கள் அநியாயத்தைத்தான் துணைக்குக் கூப்பிடுகிறார்கள் பாருங்கள்.

இந்த இருவரையும் சேர்த்துவைத்தது யார் என்று கேட்பீர்கள். அடக்கத்தோடு சொல்கிறேன், நான்தான். மீன் செய்தியை அங்கேயும் குற்றப் பத்திரிகையை இங்கேயும் கொண்டு சேர்த்த தூதன் நான். உண்மை பேசுவதென்றால் எனக்குப் பயமே கிடையாது.

அதனால் ஒரு உண்மையைப் பேசிவிடுகிறேன். அந்தப் பூட்டு தானாகக் கெடவில்லை. மாமாவை அப்படிப் பேசிவிட்டாரே என்ற ஆத்திரத்தில், வக்கீல் வெளியே போயிருந்தபோது தீக்குச்சியை உடைத்துத் துவாரத்தில் செருகியவன் உங்கள் மருமகன். மழை வரும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் பெட்டி கட்டுவீர்கள் என்று சத்தியமாகத் தெரியாது.

முந்தாநாள் இதை மாமாவிடம் சொன்னேன். டார்ச் அடித்தபோதே தெரியும் என்றார். நீங்கள் அவ்வளவு திட்டியபோதும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றிருக்கிறார். என் மாமா தெய்வம் என்று அத்தைக்கு எழுதப்போகிறேன் என்றேன். மாமா அரத்தைக் கீழே வைத்தார்.

"பாதியை எழுதாதடா. அந்தக் குச்சியை யாருக்கும் தெரியாம எடுத்து உள்ளங்கையில மறைக்க எனக்குத் தெரியாதா? எடுத்திருந்தா உன் பேரும் வந்திருக்காது, அவரும் உள்ள போயிருப்பார். அந்த ஆளு நனைஞ்சு நிக்கிறதைப் பார்க்க எனக்கு ஆசையா இருந்துச்சு. உன்னை மறைச்சதும் நான்தான், அதை ரசிச்சதும் நான்தான். ரெண்டையும் எழுது, இல்லாட்டி ரெண்டையும் விட்டுடு. உங்க அத்தை முழுசாப் படிக்கிறவ."

ரெண்டையும் எழுதிவிட்டேன். தெய்வம் என்று எழுத நினைத்த இடத்தில் இதை எழுதியதில், மாமா எனக்கு ஒரு சுற்று பெரியவராகத்தான் தெரிகிறார். ஏன் என்று விளக்கத் தெரியவில்லை. நீங்கள் வந்து விளக்குங்கள். மனம் இரங்குங்கள், அதற்குச் சின்ன ர. பஸ்ஸை விட்டு இறங்குங்கள், அதற்குப் பெரிய ற. எங்களுக்கு இரண்டும் வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வக்கீல் வீடு திரும்புகிறார். குச்சி விஷயத்தை அவரிடமும் சொல்லிவிட்டேன், அவர் சிரித்தார் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் வக்கீலிடம் நான் சொல்லவே இல்லை, அத்தை. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், அவர் முகத்தைப் பார்க்கிறேன், மீன் நன்றாக இருக்கிறது என்கிறேன், வந்துவிடுகிறேன். பயமே கிடையாது என்று மேலே எழுதியதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என் பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். எனக்காக ஒன்றும் பேசவேண்டாம். நின்றால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் ஆசீர்வாதத்துக்கும் அதற்கு முன்னால் விழப்போகும் குட்டுக்கும் தலையைக் காட்டி நிற்கும்
மருமகன்