போனுக்கு வைத்த பொட்டு

மேல்பிரிவு,
றத்தோட்டை.

அன்பு மகள் சுதர்சினிக்கு மாமா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தை இலட்சுமியும் அம்மாள் புண்ணியத்தில் மூச்சுக்கும் பேச்சுக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம், மூச்சு எனக்கு, பேச்சு அவளுக்கு. அங்கே மெல்பேர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளை பிரதீபனும் என் பேத்தி மிதுனாக் குட்டியும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். கையில் அவ்வளவு பெரிய போனை வைத்துக்கொண்டு இந்த மனுசன் எதற்குக் கடதாசி எழுதுகிறான் என்று நினைப்பாய். உன்னிடம் இரண்டு பொய் சொல்லிவிட்டேன் மகளே. வாயால் சொன்ன பொய்யை வாயாலேயே திருப்பி எடுக்க வெட்கமாக இருக்கிறது. விஜேந்திரன் மகள் கிருஷாந்தினி வியாழக்கிழமை அங்கே படிக்க வருகிறாள் அல்லவா, அவள் கையில் இதையும் ஒரு பார்சலையும் கொடுத்து விடுகிறேன்.

முதலில் நீ அனுப்பிய போனைப் பற்றிச் சொல்கிறேன். அது போனே இல்லை, ஒரு அரசாங்கம். பெட்டியைத் திறந்தபோது அதன் பளபளப்பில் எங்கள் சேவல் விடிந்துவிட்டதென்று நினைத்துப் பகல் பன்னிரண்டு மணிக்குக் கூவியது. பழைய போனில் கீறல் விழுந்து எனக்கு எல்லோருமே பாதி முகமாகத்தான் தெரிந்தார்கள், இதில் உன் அத்தையின் முகத்தை முழுதாகப் பார்த்துப் பயந்தே போனேன். பலாப்பழத்தைப் படம் எடுத்தேன், படத்தில் ஈ மொய்த்தது. என் முகத்தைப் பார்த்தால் தானாகத் திறக்கிறது, இந்தத் தோட்டத்தில் என்னைப் பார்த்ததும் திறந்த முதல் கதவு அதுதான். ஆனால் ஒரு துரோகமும் செய்கிறது, நான் நடக்கிற அடியை எல்லாம் எண்ணி வைக்கிறது. கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மூலைக்கடை வரை மட்டும் போய் வந்ததை அதைப் பார்த்தே உன் அத்தை கண்டுபிடித்துவிட்டாள்.

முப்பத்தொரு வருசம் தோட்டத்து லொறி ஓட்டியவன் நான். புது வண்டி வந்தால் பூசை போடாமல் ஒரு அடி நகர்த்தியதில்லை. உன் போனுக்கு மட்டும் குறை வைப்பேனா? வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து வாழையிலையில் படுக்க வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்தேன். எலுமிச்சம்பழத்தை நசுக்க வேண்டுமே, லொறி என்றால் சில்லை உருட்டி ஏற்றலாம், இதற்குச் சில்லு இல்லை, ஆகவே போனையே பழத்தின் மேல் ஏற்றப் போனேன். “ஏங்க, பிள்ள அனுப்புனத சாறு புழிஞ்சு குடிக்கப் போறீங்களா” என்று உன் அத்தை பிடுங்கிக்கொண்டாள். பிறகு பொட்டு. லொறிக்குக் கண்ணாடிக்கு மேலே நெற்றியில் வைப்போம். இந்தப் போனுக்கும் நெற்றியில், நட்டநடுவில், பொட்டு வைக்கவென்றே செய்தது போல ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. வெள்ளைக்காரன் கூட நம் சாத்திரம் தெரிந்து செய்திருக்கிறான் என்று மெச்சிக்கொண்டு, அதன் மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமமும் வைத்தேன்.

மிச்சம் உனக்கே தெரியும். அன்றிலிருந்து பதினாறு நாள், “மாமா, ஒரே இருட்டா இருக்கு, லைட்ட போடுங்க” என்று நீ சொன்னதும், நான் வீட்டு பல்பை எல்லாம் எரியவிட்டு, டோர்ச் பிடித்து, கடைசியில் நடு வெயிலில் போய் நின்றதும். போன் என்னைத் தெரியாதவன் போலப் பார்த்து ஒவ்வொரு தடவையும் இலக்கம் கேட்டது. உன் அத்தை தினமும் திரையைத் துடைத்தாள், பொட்டை மட்டும் தொடாமல் சுற்றித் துடைத்தாள். உதிர உதிர செவ்வாய் வெள்ளியில் நான் புதுசாக வைத்தேன். ஒரு ஆள் கூட இதுவா காரணம் என்று நினைக்கவில்லை.

அந்த இருட்டுக்குள்ளிருந்து நான் கூப்பிட்டபோதெல்லாம் குழந்தை வீறிட்டு அழுதாள். அதற்குப் பிறகுதான் நீ தயங்கித் தயங்கிச் சொன்னாய், “மாமா, உங்க கொரல கேட்டாலே பிள்ள பயப்படுறா. பத்தாம் தேதி காதுகுத்துக்கு அவரோட கூட்டாளி சதீஷ் மடியில வச்சிக்கட்டும்னு மாமியார் சொல்றாங்க, நீங்க என்ன சொல்றீங்க” என்று. “அதுக்கென்னம்மா, நல்லது” என்றேன். அது முதல் பொய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு நாலு வயதில் உன் அம்மா கண்ணை மூடினாள், அன்றிலிருந்து உனக்குத் தாய்மாமனும் நான்தான், தகப்பனும் நான்தான். உனக்கு அண்ணன் தம்பி இல்லாததால் உன் பிள்ளைக்கும் மாமன் முறைக்கு நான்தான். மாத்தளை மாரியம்மன் கோயிலில் என் மடியில் வைத்துத்தான் உனக்குக் காது குத்தினார்கள். ஆசாரி உன் காதில் போட்டது இரண்டு ஓட்டை, நீ என் பெருவிரலில் பல்லால் போட்டது நாலு. அந்தத் தழும்பை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

அடுத்த நாளே முதல் பஸ்ஸில் மாத்தளை டவுனுக்கு இறங்கி, போன் திருத்துகிற ஷிஹாம் தம்பியின் கடைக்குப் போனேன். பழுதான போனைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் போனைத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாடிக்குள் சிரிப்பை ஒளித்தார். “ஐயா, போனுக்கு ஒண்டும் இல்ல. நீங்க அதுட கண்ணுக்கு மேல பொட்டு வச்சிருக்கீங்க” என்றார். அந்தக் கறுப்பு வட்டம்தான் போனின் கண்ணாம்! துடைத்துத் தாருங்கள் தம்பி என்றேன். அவர் துணியை என் பக்கம் நீட்டி, “சாமிட பொட்டு, நான் தொடச்சா சரியில்ல, நீங்களே தொடைங்க ஐயா” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். மாரியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுத் துடைத்தேன்.

அந்தக் கடையில் நின்றுதான் உன்னைக் கூப்பிட்டேன். எப்படிச் சரியானது என்று நீ கேட்டதற்கு “கம்பெனிக் கோளாறும்மா” என்றேனே, அது இரண்டாவது பொய். கம்பெனி பாவம். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது பொய்யில்லை. மிதுனா அழவில்லை. என்னை உற்றுப் பார்த்தாள். விரலை நீட்டி என் மீசையைத் தடவினாள், பிறகு என்னை முழுசாக நக்கினாள். மெல்பேர்னிலிருந்து மாத்தளை வரை எச்சில் வந்தது மகளே, ஷிஹாம் தம்பி சாட்சி. நான் அழுதேன் என்று அவர் யாரிடமாவது சொன்னால் மட்டும் நம்பாதே.

ஆகவே அந்த “நல்லது” என்ற சொல்லைத் திருப்பி எடுக்கிறேன். எனக்கு விசாவும் இல்லை, பிளேன் ஏறுகிற முழங்காலும் இல்லை, அது தெரியும். சதீஷ் தம்பியே உட்காரட்டும், அவர் மேல் எனக்குக் கோபமில்லை, உன் மாமியாரிடமும் சண்டை வேண்டாம். பார்சலில் என் வேட்டி இருக்கிறது. அதை நாலாக மடித்து அவர் மடியில் விரித்து, அதன் மேல் பிள்ளையை வை. மடி என்னுடையது, கால் மட்டும் அவருடையது. ஊசி இறங்கும்போது போனை அவள் முகத்துக்கு நேரே பிடி. இங்கே நான் மீசையை வைத்து ஆடப்போகிற ஆட்டத்தில் அவள் காதையே மறந்துவிடுவாள். அழுதால் விரலைக் கடிக்கக் கொடு, சதீஷின் விரலையே கொடு, மாமன் வேலை என்றால் சும்மாவா.

மாரியம்மாள் துணையிருக்க மூன்று பேரும் நூறு வருசம் சிரித்திருங்கள். நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தைக்குத் தலையில் குல்லா போடு. ஒன்று மறந்துவிடாதே, வேட்டியை மெஷினில் போட்டுக் கழுவாதே. உன் அத்தை வெளுத்து மடித்து வைத்ததை நான் அவளுக்குத் தெரியாமல் எடுத்து ஒரு நாள் முழுக்கக் கட்டியிருந்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். பிள்ளைக்கு முகம் தெரிந்துவிட்டது, வாசமும் தெரியட்டும்.

உன் மாமா
நாகமுத்து