நீ யாரைப் பார்க்க வந்தாய்?

விளக்குச் சிமினியைத் துடைக்கும்போது புகைக்கரி விரலில் ஒட்டியது. அந்த மணத்தோடு நீயும் வந்துவிட்டாய்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்துவிட்டது. நிலாவெளியிலிருந்தும் கிளிவெட்டியிலிருந்தும் வந்தவர்கள் அண்ணனின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள். என்னிடம் தேத்தண்ணி கேட்டார்கள். பெண்சாதியை இழந்தவருக்கு ஊர் ஒரு கதிரை போட்டுவைத்திருக்கிறது. சிநேகிதியை இழந்தவளுக்கு இடம் குசினி அடுப்படிதான். அதிலும் எனக்குப் பொறாமை.

நீ அண்ணனைக் கட்டி எனக்கு மச்சாளாவதற்கு முந்திய விடுமுறை ஒன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தாய். கண்ணாடித் துண்டொன்றை விளக்கில் கரிபிடிக்க வைத்து, இரண்டு சவர அலகுகளைச் சேர்த்துப் பிடித்து அதில் ஒரு இழுவை இழுத்தாய். இரண்டு மெல்லிய கீறல்கள். யன்னல்களைச் சாத்தினோம். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த அண்ணன், அறையின் மறுகோடியில் டோர்ச் பல்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீறல்களைக் கண்ணோடு வைத்துப் பார்த்தேன். இரண்டு கோடுகளை எதிர்பார்த்தேன். வெளிச்சமும் இருளுமாகப் பல கோடுகள் தெரிந்தன.

"ஒளியை ஒவ்வொரு சின்னத் துணிக்கையா விட்டாலும் கடைசியில இந்தக் கோடுகள்தான் வரும்," என்றாய். "ஆனால் துணிக்கை எந்தக் கீறலால போனது எண்டு பிடிக்க ஏதும் வைச்சால், கோடெல்லாம் இல்லாமப் போயிடும்."

"வெக்கமாக்கும்," என்றார் அண்ணன்.

"உங்களுக்கு இருக்கிற வெக்கம் அதுக்கில்லை. ஆள் பார்க்கவே தேவையில்லை. போன வழியின்ர அடையாளம் எங்கையாவது பதிஞ்சால் போதும்."

அண்ணன் சிரித்த சிரிப்பில் பல்பு ஆடியது. என் கோடுகள் குழம்பின.

ஒவ்வொரு விடுமுறைக்கும் ரயிலில் திருகோணமலைக்கு வந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வருவாய். எனக்கு நாவல்கள் கொண்டுவருவாய். அண்ணன் வேலையால் வரும்வரை இருப்பாய். யாரைப் பார்க்க வருகிறாய் என்று கேட்க, அந்தக் கோடுகளைப் பார்த்த அன்று வாயெடுத்தேன். கேட்டால் நீ ஒரு வழியைச் சொல்லவேண்டியிருக்கும். பிறகு மற்ற வழியால் வரவே மாட்டாய் என்று பயந்தேன். கலியாணத்துக்குப் பிறகு ஒரே வீட்டில் இருந்தோம், அப்போதும் கேட்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் அண்ணன் கிணற்றடிக்கு வந்தார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? அவள் கலியாணத்துக்கு முதல் இங்க வந்து போனது உன்னட்டையோ, என்னட்டையோ?"

துக்கத்தோடு, இத்தனை வருடமும் முகம்பார்க்கும் கண்ணாடியில் நான் கண்ட அதே எரிச்சலும் அவர் முகத்தில் இருந்தது. 'என்னட்டைத்தான்' என்ற சொல் நாக்குவரை வந்தது.

"தெரியாது அண்ணை. நீங்கள் அவளைக் கேக்கேல்லையோ?"

"பயமாக் கிடந்தது."

உன்னை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். இந்தப் பொறாமை ஒன்றாவது எனக்கு மட்டும் சொந்தம் என்றிருந்தேன். அதிலும் பாதி அவருடையதாம். மற்றப் பாதி என்னிடம்தான் இருக்கிறதடி. அதை நான் ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன்.