நேனிங் அக்கா பேசிய நாள்

அன்புள்ள லிகாயா,

இலோயிலோவில் மழை பிடித்துவிட்டது. பத்திரிகை அலுவலகத் தகரக்கூரையின் கீழ், நாம் ஒரே தட்டில் பன்சித் நூடுல்ஸ் தின்றுகொண்டே செய்தி எழுதிய நாட்கள் நினைவுக்கு வருகின்றன.

மகன் காணாமல்போன நேனிங் அக்காவைப் பேட்டி எடுக்கப் போனோமே, அவர் கேட்டார்: “நீங்க எழுதிக்கிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் நான் யார்கிட்டம்மா அழுவேன்?” நீ படம் எடுக்காமல் கேமராவை மூடிவிட்டாய். அதற்காக ஆசிரியர் உன்னை வேலையைவிட்டு அனுப்பினார். அப்போது பக்கத்து மேஜையில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் நானும் விலகி, மனநல ஆலோசனை படித்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் சனிக்கிழமைதோறும் என் அறையில் கூடுகிறார்கள். அக்கா தவறாமல் வருவார். ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

நேற்று, காணாமல்போன பிள்ளைகளுக்கு நீதி கேட்டு நாங்கள் ஊர்வலம் போனோம். அக்கா என் கையிலிருந்த ஒலிபெருக்கியை வாங்கி, மகன் பெயரைச் சொல்லிக் கால்மணி நேரம் பேசினார். கூட்டமே அழுதது. பேசி முடித்ததும் என்னிடம் கேட்டார்: “அன்னைக்கு உன்கூட வந்த பொண்ணு எங்கே? அவளைப் பார்த்துதானே உன்னையும் நம்பினேன்!”

ஆசிரியர் உன்னை அனுப்பியபோது உனக்காக ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை என்பதை அவரிடம் சொல்லிவிட்டேன். முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பக்கத்து மேஜைக்காரி