நறுக்காத எலுமிச்சம்பழம்

இப்போதுதான் இவர் அடுக்களையில் எலுமிச்சம்பழத்தை நறுக்கினார். வாசனை கூடத்துக்கு வந்ததும் உன் வெள்ளிக்கிழமைகள் வந்துவிட்டன. மஞ்சள் புடவை, கற்பூரப் புகை, எர்ணாவூர்க் குடியிருப்பின் படிக்கட்டு வரை நிற்கும் கூட்டம். ஊருக்கெல்லாம் நீ குறி சொல்லும் ஆத்தா. எதிர்வீட்டுக்காரியான எனக்கு மட்டும் நீ "இன்னாமே". அப்படிக் கூப்பிட்டால் உன் பக்தைகள் என்னை முறைப்பார்கள்; நீ வெற்றிலை வாயோடு சிரிப்பாய்.

வருகிறவர் தரும் பழத்தை நெற்றியில் வைத்துக் கண்ணை மூடுவாய், தெரிந்ததைச் சொல்வாய். பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி வைத்தால் பயமில்லை. நறுக்காமல் திருப்பிக் கொடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போ என்று அர்த்தம்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இவருக்கோ டாக்டரைவிட நீதான் பெரிசு. வேலையில் நெஞ்சு அடைத்ததும் நேராக உன் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். சேதி கேட்டு நான் ஓடிவந்தபோது அவருடைய முறை வந்திருந்தது. பழத்தை நீ நெற்றிக்குக்கூடக் கொண்டுபோகவில்லை. அவர் கையிலேயே திணித்தாய். "கெளம்புய்யா."

"வாயுதான் ஆத்தா. துன்னூறு குடு, போதும்." மனிதர் நகரவில்லை. அழுதேன், திட்டினேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தார்.

குறி சொல்லும்போது பாதியில் எழுந்தால் ஆத்தா மலையேறிவிடுவாள், அப்புறம் அந்த உடம்புக்குத் திரும்பமாட்டாள் என்று நீதான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்! அன்றைக்கு எழுந்தாய். கூட்டம் பதறியது. "ஆத்தாவே கூட வரா, ஏறுய்யா" என்று இழுத்துப்போய் ஆட்டோவில் போட்டாய். அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில்தான் பார்த்தேன், கொதிக்கிற சிமெண்டுத் தரையில் நீ வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாய்.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், என்று டாக்டர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் உன் வீட்டில் பாதிக் கூட்டம்கூட இல்லை. ஆத்தா மலையேறிவிட்டாள் என்று பேச்சு. எனக்கு உன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. "உட்டுத் தள்ளுமே, வர்றவங்க வருவாங்க" என்றாய். மெல்ல வந்தார்கள்.

"நெசமாவே உனக்குத் தெரிஞ்சுதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஃபேனுக்குக் கீழ குந்திகினே சொட்டச் சொட்ட வேர்த்துகினு இருந்தாரு. ஆத்தா காட்டினா இன்னா, கண்ணு காட்டினா இன்னா? கண்ணும் அவ குடுத்ததுதானே."

நீ போய்ச் சேர்ந்த பிறகு என் கதவைத் தட்டுகிறார்கள். உன் சிநேகிதிக்கும் ஏதாவது தெரியும் என்ற நினைப்பு! இன்று காலை மாடிவீட்டுப் பெண் கையில் பழத்தோடும் இடுப்பில் குழந்தையோடும் வந்தாள். "மூச்சு இழுக்குதுக்கா. திருஷ்டிதான், சுத்திப் போடுங்க." எனக்கு எந்த ஆத்தாவும் எதையும் காட்டவில்லை. குழந்தையின் விலா உள்ளே ஒடுங்குவது மட்டும் தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு இருவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

குழந்தை தேறிவிட்டது. பால் குடித்துத் தூங்கிய பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். அந்தப் பெண் என் கையில் கொடுத்த பழத்தைத்தான் இவர் பிழிந்தார்.

டம்ளரை நீட்டியவர் குனிந்து பார்க்கிறார். "கால இன்னா பண்ணிவெச்சிகீற?"

அப்போதுதான் நானும் பார்க்கிறேன்மே. செருப்புப் போடாமலே போய் வந்திருக்கிறேன்.