காய்ச்சலோடு வந்து கேட்ட கேள்வி

என் தங்கமே, சந்தியா,

துறையில் ஆண்டு மலர் போடுகிறார்கள். எம்.எஸ்சி. கணிதத்தில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் என்பதால், உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி மேடம் என்னைக் கேட்டார். அமைதியானவள், கெட்டிக்காரி, எல்லோரிடமும் அன்பாகப் பழகுவாள் என்று நாலு வரி எழுதினால் போதும், வாங்கிக்கொள்வார்கள். நீ அமைதியானவள் என்று எழுதினால் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டே சிரிக்கும். நான் வேறொன்றை எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக வருகிறது, பொறுத்துக்கொள்.

எனக்கு எதைக் கண்டாலும் பயம் என்பது உனக்குத் தெரியும். வருகைப் பதிவில் பேர் கூப்பிட்டால் நான் 'எஸ் மேடம்' சொல்வதற்குள் மேடம் அடுத்த பேருக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் கணக்குப் போட்டுவிட்டு இங்கே வந்தால், மேடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போர்டின் வலது பக்கம் போய்ச் சேர்வதற்குள் இடது பக்கத்தை அழித்துவிடுவார். அதற்காகத்தானே நாம் பாகம் பிரித்துக்கொண்டோம், ஒவ்வொரு தேற்றத்திலும் மேல் பாதியை நீ எழுதுவது, கீழ் பாதியை நான் எழுதுவது என்று? இப்போது என் நோட்டில் கீழ் பாதிகள் மட்டும்தான் இருக்கின்றன. எந்தத் தேற்றமும் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

மலரைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. செமினார் எடுக்கிறவள் ஒரு கேள்வியையும் அதற்கான பதிலையும் முன்கூட்டியே தோழியிடம் கொடுத்து வைத்துவிடுவாள். செமினார் முடிந்ததும் அந்தத் தோழி எழுந்து, அப்போதுதான் தோன்றியது போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்பாள். இவள் கொஞ்சம் யோசிப்பது போல நின்றுவிட்டுப் பதில் சொல்வாள். மேடம் வேறு எதையும் கேட்பதற்குள் மணி அடித்துவிடும். உன்னைப் போல நெற்றியைச் சுருக்க எங்கள் வகுப்பில் ஆள் இல்லை.

என் முதல் செமினாரில் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் போர்டையே பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இன்னொரு முறை இப்படிச் செய்தால் இன்டர்னலில் மதிப்பெண்ணே கிடையாது என்று மேடம் சொல்லிவிட்டார். இரண்டாவது செமினாருக்கு முந்தின நாள் நீ வகுப்புக்கு வரவில்லை. போன் பண்ணினேன். காய்ச்சல், கண்ணையே திறக்க முடியவில்லை என்றாய். நான் என்ன செய்திருக்க வேண்டும்? போனை வைத்திருக்க வேண்டும்.

"நீ வரலன்னா நான் போர்டுகிட்டயே போமாட்டேன்டி. டி.சி. வாங்கிக்கினு ஊட்டோட இருந்துடறேன். ஒரே ஒரு மணி நேரம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டுட்டுப் போயிடு" என்றேன்.

நீ எழுந்து உட்கார்ந்தபோது கட்டில் கிறீச்சிட்டது எனக்குக் கேட்டது. பிறகு, "சரி, அழுதுகினு இருக்காத. வர்றேன்" என்றாய்.

மறுநாள் காலை உங்கள் கிளியனூரிலிருந்து ஒரு பஸ், திண்டிவனத்தில் இறங்கி விழுப்புரத்துக்கு இன்னொரு பஸ். வழியில் கூட்டேரிப்பட்டில் நான் ஏறியபோது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாய். தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. அப்போதாவது திருப்பி அனுப்பினேனா? "கேள்வி ஞாபகம் இருக்குதா?" என்றுதான் கேட்டேன். வகுப்பில் டெஸ்க்கில் தலையைப் போட்டுக்கொண்டே முழு செமினாரையும் கேட்டாய். நான் முடித்ததும் எழுந்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்டாய். மேடம் என்னிடம் 'குட்' என்றார். இந்த இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே 'குட்' அதுதான். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய். டெங்கு என்றார்கள். கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்து படுக்க வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

சாவு வீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சலோடு எதற்கு அப்படி எழுந்து ஓடினாள் என்று எல்லோர் எதிரிலும் கேட்டார்கள். நீ அவர்களிடம் ஒன்றும் சொல்லாமலே வந்திருக்கிறாய். பந்தலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "பரீட்சைம்மா" என்றேன்.

அந்த ஒரு சொல் உன் வீட்டை என்ன பாடு படுத்தியது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பரீட்சை என்றால் மேடத்துக்கு ஒரு போன் போட்டால் விட்டிருக்க மாட்டார்களா, காய்ச்சலில் கிடந்த பெண்ணை நீதானே அனுப்பி வைத்தாய் என்று உன் அப்பா உன் அம்மாவைக் கேட்டிருக்கிறார். அதன் பிறகு அவர் அம்மாவிடம் பேசுவதில்லை. ஒரே வீட்டில் இருக்கிறார்கள், தட்டை வைத்தால் சாப்பிடுகிறார், எழுந்து போய்விடுகிறார். இதை அம்மாவே என்னிடம் சொன்னார்கள். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன், பாவி.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடமிருந்து போன். "வியாழக்கிழமை உங்க காலேஜுக்கு வர்றேம்மா. அந்த மேடத்தைப் பார்த்து ஒன்னே ஒன்னு கேக்கணும். காய்ச்சல்ல இருந்த புள்ளைக்குப் பரீட்சையை இன்னொரு நாள் வெச்சா என்னாங்கன்னு கேக்கணும்."

அன்று பரீட்சையே இல்லை என்று மேடம் ஒரு வரியில் சொல்லிவிடுவார். அடுத்து அம்மா என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அந்த நான்கு நாளும் நான் பட்ட பாட்டை நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். வியாழன் அன்று மேடம் லீவா என்று ஆபீஸில் இரண்டு தடவை விசாரித்தேன். பரீட்சை இருந்தது என்று சொல்லிவிடுங்கள் மேடம் என்று கெஞ்சுவதற்காக அவர் அறைக்குள் நுழைந்து, லைப்ரரி கார்டு எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தேன். சோறு இறங்கவில்லை. வகுப்பில் யாராவது கதவைத் திறந்தால் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அம்மா வந்தார்கள். மேடம் வேறொரு வகுப்பில் இருந்தார், மணி அடிக்கக் கால் மணி நேரம் இருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்தோம். அம்மா ஒயர் கூடையிலிருந்து ஒரு தூக்கை எடுத்து என் மடியில் வைத்தார்கள். மல்லாட்டை, உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலை. இளைத்துவிட்டாயே, ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையா என்று கேட்டார்கள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை, சந்தியா.

"அன்னைக்குப் பரீட்சை இல்லம்மா. நான்தான் வரச் சொன்னேன்."

கேள்வி கொடுத்து வைக்கிற எங்கள் வழக்கத்தை அவர்களுக்குப் புரிய வைக்கத்தான் நேரம் பிடித்தது. பதில் தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. மேடம் வேறு கேள்வி கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம், அதனால்தான் என்றேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமாக இருந்தது தெரியுமா? இதற்காகவா ஒரு பெண்ணைப் படுக்கையிலிருந்து எழுப்பினேன்?

அம்மா தூக்கின் மூடியை இரண்டு கையாலும் அழுத்தி மூடினார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"கேட்டாளா?" என்றார்கள்.

"கேட்டாம்மா."

"நல்லா கேட்டாளா?"

"எழுந்து நின்னு கேட்டா. மேடமே திரும்பி அவளைப் பார்த்தாங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மணி அடித்தது. மேடம் வெளியே வந்தபோது அம்மா எழுந்து கும்பிட்டு, சந்தியாவின் அம்மா, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்று மட்டும் சொன்னார்கள்.

பஸ் ஸ்டாண்ட் வரை கூடப் போனேன். திண்டிவனம் பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அம்மா திரும்பினார்கள். "சந்தியா அப்பாவுக்கு இது தெரிய வேணாம். உன்னைக் கண்டபடி பேசிடுவாரு. நான் அனுப்புனதாவே இருந்துட்டுப் போவட்டும். எனக்குப் பழகிப்போச்சி" என்றார்கள்.

பஸ் போன பிறகும் அங்கேயே நின்றேன். என் மனசு லேசாகிவிட்டிருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது. இப்படியே விட்டால் நான் தப்பித்துவிடுவேன், அம்மா ஆயுசுக்கும் சுமப்பார்கள்.

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், எல்லோரும் படிக்கிற இந்தப் பக்கத்திலேயே கொடுக்கிறேன். இதைத் திங்கட்கிழமைதான் மேடத்திடம் தருவேன். அதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, அப்பா வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துக் கிளியனூருக்கு வருகிறேன். அம்மா எதிரிலேயே அவரிடம் சொல்கிறேன். அவர் என்னிடம் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் என்ன பதில் சொல்வேன் என்றும் தெரியாது. பயந்துகொண்டேதான் வருவேன், ஆனால் வந்துவிடுவேன்.

உன் தோழி,
மகேஸ்வரி