தாக்கல் செய்யாத பதில்

சான் ஃபெர்னாண்டோ, பம்பாங்கா
அக்டோபர் 11

தங்கை ஃபெலீசாவுக்கு அண்ணன் அன்செல்மோ எழுதுவது.

ரியாத்தில் வெயில் தணிந்திருக்கும். உன் முதுகுவலியும் தணிந்திருந்தால் நல்லது. இங்கே போன மாத வெள்ளம் படிக்கட்டு வரை வந்து திரும்பிவிட்டது. நான் நலம் என்று எழுதலாம். ஆனால் நான் நலமில்லை என்று ஒரு மனநல நிபுணர் முப்பத்தொரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. உன்னிடமும் உன் அண்ணி லியோனீலாவிடமும் பேசியே கண்டுபிடித்துவிட்டார்.

லியோனீலாவின் மனு பள்ளிக்கூடத்துக்கே வந்தது. பௌதிக வகுப்பின் நடுவில், நாற்பது பிள்ளைகள் பார்க்க, கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நம் நாட்டில் விவாகரத்து கிடையாது என்பதால், நடந்த கல்யாணமே செல்லாது என்று கேட்டிருக்கிறாள். இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய நான், மோதிரம் மாற்றிய நாளுக்கு முன்பிருந்தே குடும்பம் நடத்த மனத்தளவில் லாயக்கற்றவனாம். இனிமேல் குணமாகவும் மாட்டேனாம்.

நான் சேவல் சண்டைக்கு அடிமை என்று ஒரு பத்தி. ஞாயிறுதோறும் போனேன், உண்மைதான். அவளுடைய அப்பாவைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவரப் போனேன். "மாப்ள, நீங்க போனாதான் அந்த மனுஷன் எழுந்து வருவாரு" என்று அனுப்பியதே அவளுடைய அம்மாதான். பதினொரு நாள் மனைவியோடு பேசாமல் இருந்தேன் என்று இன்னொரு பத்தி. அது உண்மை. ஆனால் பதினொன்று அல்ல, ஒன்பது.

இதையெல்லாம் அவள் சொல்லட்டும். நீ சொன்னதுதான் எனக்கு இறங்கவில்லை. முப்பது வயதிலும் அம்மா எனக்குப் பால்கெண்டை மீனில் முள் எடுத்துக் கொடுத்தார் என்று தூதரகம் வரை போய்ச் சத்தியம் செய்திருக்கிறாய். ஃபெலீசா, அந்த வருடம் ஜீப்னி வண்டி கவிழ்ந்து என் வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருந்தது. அந்தக் கட்டின் மேல் பேனாவால் பூ வரைந்தவள் நீ. இப்போது அறிக்கையில் அம்மா "மகனை வளரவிடாத, அடக்கியாளும் தாய்" ஆகிவிட்டார். ஆறு வருடமாகக் கல்லறையில் இருக்கிறவர் எந்தக் கோர்ட்டுக்கு வந்து பதில் சொல்வார்? நீ நர்ஸ் படிக்க வேண்டும் என்பதற்காக நான் மணிலாவில் மேல்படிப்பை விட்டேன். அதை இதுவரை சொல்லிக்காட்டியதில்லை, இப்போதும் சொல்லிக்காட்டவில்லை.

பதினைந்து நாளுக்குள் பதில் போட வேண்டும். இரண்டு வாரம் உட்கார்ந்து பதினான்கு பக்கம் எழுதினேன். அதில் ஒன்பது பக்கம் அம்மாவைப் பற்றி. மாவுக்கட்டுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது, அதையும் இணைத்தேன். என் வக்கீல் அம்மாள் கடைசிப் பக்கம் வரை படித்தார். பிறகு, "சார், ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. இதைத் தாக்கல் பண்ணா நீங்க ஜெயிச்சிடுவீங்க. ஜெயிச்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. "உங்க மேல ஒரு குறையும் இல்லேன்னு தீர்ப்பு வரும். அப்போ கல்யாணம் செல்லும். உங்ககூட வாழ மாட்டேங்கிற பொம்பளைக்கு நீங்க சாகிற வரைக்கும் புருஷன். அதுக்குத்தானே இந்தப் பதினாலு பக்கம்?" என்றார்.

அன்று மாலை, வேலைக்குப் போன மிலானிலிருந்து லியோனீலா கூப்பிட்டாள். வருடக்கணக்காகக் கூப்பிடாதவள். "அன்செல்மோ, அதைப் படிக்காதே. அது நீ இல்ல. ரெண்டு பேர்ல ஒருத்தர் பேரைப் போட்டுத்தான் ஆகணும்னு என் வக்கீல் சொன்னாரு" என்றாள். உன் பேரைப் போட்டிருக்கலாமே என்றேன். "நான் இங்க ஒரு கிழவியைப் பார்த்துக்கிறேன். மனசு சரியில்லாதவன்னு என் பேர்ல காகிதம் இருந்தா அவங்க வீட்டுக்குள்ள விடுவாங்களா?" என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "உங்கம்மா எனக்கும் முள் எடுத்துக் குடுத்திருக்காங்க, தெரியுமா?" என்று சொல்லிவிட்டு அழுதாள். போனை வைத்துவிட்டேன்.

"அது நீ இல்ல" என்ற அந்த ஒரு வார்த்தையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நான் பதிலைத் தாக்கல் செய்யவில்லை. பதில் போடாதவனை அரசு வழக்கறிஞர் கூப்பிட்டு, இருவரும் பேசி வைத்துக்கொண்டீர்களா என்று விசாரிப்பார். "அது நீ இல்ல" என்று அவள் சொன்னது தெரிந்தால் மனு தள்ளுபடி. ஆகவே இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

செவ்வாயன்று போனேன். உன் வயதுப் பெண், அரசு வழக்கறிஞர். என்னிடம் படித்த பிள்ளையின் அக்காவாம். "சார், இதுல எழுதியிருக்கிறதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "மறுக்கிறீங்களா?" என்றார். பை மடியில் இருந்தது, பதினான்கு பக்கமும் பைக்குள். மறுக்கவில்லை என்றேன். "உங்க மனைவிகூடப் பேசினீங்களா?" என்றார். நாங்கள் பேசுவதில்லை என்றேன். எழுதிக்கொண்டார். அதன் பிறகு அவர் குரலே மாறிவிட்டது. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, காய்ச்சல்காரனிடம் பேசுவதுபோல, "சார், தண்ணி, குடிக்கிறீங்களா? வீட்டுக்கு, தனியா, போயிடுவீங்களா?" என்று கேட்டார். இருபத்தாறு வருடம் பிள்ளைகளுக்கு ஒளிவிலகல் சொல்லிக்கொடுத்தவன், போயிடுவேன் என்று தலையை ஆட்டினேன்.

இப்போது பள்ளியிலும் அந்தக் குரல் வந்துவிட்டது. தலைமையாசிரியர் "மெதுவா, சார், மெதுவா" என்கிறார். நான் வேகமாக எதுவும் செய்யவில்லை. கோபப்பட்டால் அறிக்கை சரி என்பார்கள். சும்மா இருந்தாலும் அதையேதான் சொல்வார்கள். தீர்ப்பு வர ஒரு வருடம் ஆகுமாம். அவளுக்குச் சாதகமாக வரட்டும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை அதற்கு முன் வேறு பலவற்றை எழுதிவிட்டது.

நவம்பர் முதல் தேதி, கல்லறைத் திருநாளுக்கு, நீ விடுமுறையில் வருவாய் என்று சித்தி சொன்னார். வழக்கம்போல எல்லாரும் கல்லறையில் கூடாரம் போட்டு, சோறும் மெழுகுவர்த்தியுமாக உட்கார்ந்திருப்பார்கள். நான் உள்ளே வந்ததும் பேச்சு நிற்கும். அப்போது நீ பேச வேண்டும், ஃபெலீசா. மன்னிப்பெல்லாம் கேட்காதே, அதை வாங்கிக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. சின்ன வயதில் திட்டுவாயே, தெருவுக்கே கேட்கும்படி, அப்படித் திட்டு. ஏன் லேட்டு என்று கத்து. அம்மாவுக்குக் கேட்கிற அளவுக்குக் கத்து.

விமானத்தில் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள். கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அண்ணன்,
அன்செல்மோ