சந்திரகிரிச் சிறுத்தை, ஆறு வரியில்

தை 8, சனி
கடும் பனி. ஐந்தரைக்குக் கிளம்பினேன். சந்திரகிரியின் பின்பக்கம் ஏற ஒரு மணி நேரம். போன வருஷம் முக்கால் மணி. முழங்கால்.

கண்டவை: மயில் ஏழு. கீரி ஒன்று. பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை, தூக்கத்தில்.

பிறகு சுனைக்கு மேலுள்ள தட்டைப் பாறையில், அவள். பெண் சிறுத்தை. இடது காது கிழிந்தது. குட்டி இரண்டு, ஒன்று தாயின் வாலைக் கடித்துக்கொண்டே இருந்தது. ஒரு மாதத்தில் இது ஐந்தாம் முறை. நாற்பது நிமிடம் பார்த்தேன்.

இறங்கி வந்தால் சொல்ல ஆளில்லை. மனைவி சரசு இருந்தால் அடுப்படியிலிருந்தே 'உம்' கொட்டியிருப்பாள். அவள் காலமாகி இரண்டு வருஷம்.

பட்டணத்துப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டேன். எந்த மலை, எந்தச் சுனை, எத்தனை மணி. யுத்தத்தால் காகிதப் பஞ்சம், ஆறு வரிக்கு மேல் போடமாட்டார்கள்.

தை 13, வியாழன்
செய்தி வந்துவிட்டது. ஒரு சொல் வெட்டவில்லை. கடைத்தெருவில் ஐந்து பேர் நிறுத்திப் பேசினார்கள். வீட்டுக்காரர், துணிக்கடை முதலியார்: "இன்னா சார், புலிக்கு விலாசம் போட்டுட்டீங்க! இனிமே அதுக்குத் தபாலே வரும்."

சிரித்தேன். சாயங்காலம் வேலையில்லாமலே கடைத்தெருவில் இன்னொரு நடை.

தை 16, ஞாயிறு
மேகமூட்டம். பட்டணத்திலிருந்து மோட்டாரில் இருவர். பெட்ரோல் எங்கே கிடைத்ததோ. பின்சீட்டில் இரண்டு துப்பாக்கி. பெரியவர் கையில் என் ஆறு வரி, கத்தரித்து மடித்தது.

"நீங்க எழுதியிருக்கிறதே போதும் சார். சுனைக்கு வழி மட்டும் காட்டிடுங்க."

வாசலில் கும்பல். மலையடியில் ஆடு மேய்க்கும் ஆரோக்கியம், பூசை முடிந்து வந்தவள், முன்னால் நின்றாள். மார்கழியில் அவளுடைய ஆடு மூன்றைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. "தொலச்சிட்டுப் போங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

நான் சொன்னேன்: "அது இடம் மாறிவிட்டது. முந்தாநாள் சீயமங்கலம் பக்கம் பார்த்தேன்."

மோட்டார் கிளம்பியது. முப்பத்தோரு வருஷம் செய்தி எழுதியிருக்கிறேன். தவறு நேர்ந்ததுண்டு. பொய் இதுவே முதல்.

கும்பல் கலைந்த பிறகும் ஆரோக்கியம் நின்றாள். "காலையில சுனையாண்ட புலி அடி பாத்தேன், ஈரங்கூடக் காயல. இன்னாத்துக்கு ஐயா அப்பிடிச் சொன்னே?"

"குட்டி இரண்டு இருக்கிறதம்மா."

"எங்கிட்ட ஆடும் ரெண்டுதான் மிச்சம் இருக்குது."

 

தை 17, திங்கள்
வெயில். துப்பாக்கிக்காரர்கள் ஒன்றும் கிடைக்காமல் பட்டணம் திரும்பிவிட்டார்களாம், முதலியார் சொன்னார். மலைக்குப் போகவில்லை. சட்டைக்குப் பொத்தான் தைத்தேன், இரண்டு தடவை.

நாலு மணிக்கு நானே ஆரோக்கியம் வீட்டுக்குப் போனேன். அவள் திரும்பிப் பார்க்காமல் தழை கழித்துக்கொண்டிருந்தாள். "பாவம் பாத்தது நீதானே? நாளைக்கு நீயே வந்து காவல் உக்காரு. சுனையாண்டதான் தழை இருக்குது."

"எத்தனை மணிக்கு?"

"புலி உன்ன மணி கேட்டா வருது?"

தை 18, செவ்வாய்
பனி குறைவு. ஆறரைக்குச் சுனை. ஆரோக்கியம், ஆடு இரண்டு, நான். என் கையில் அவள் கொடுத்த தகர டின்னும் கட்டையும்.

ஏழே காலுக்குப் பாறைமேல் அவள். குட்டிகள் பின்னால். ஆடுகளைப் பார்த்தாள். பிறகு என்னை. முப்பது அடிகூட இராது. இவ்வளவு கிட்டத்தில் இதுவரை வந்ததில்லை. கண் வெளிர்மஞ்சள்.

"தட்டு ஐயா! இன்னா பாத்துக்கினு நிக்கிறே?"

தட்டினேன். குட்டி ஒன்று சறுக்கி விழுந்து எழுந்தது. தட்டினேன். உச்சியைத் தாண்டி மேற்கே இறங்கிவிட்டார்கள், மூவரும்.

"போதும் ஐயா, போயிடுச்சு. இனிமே இங்க வராது."

நாளைக்கும் ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.